தூக்குவதும் தாங்குவதும்

நுழையும்முன்

மழைக்காலத்தில் நம் வீட்டு மோட்டார் சைக்கிளை நாமே பேணுவதற்கு, அதனைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்த வேண்டியுள்ளது. அதற்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நகரம் திருவனந்தபுரம். மழையின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து வண்டியின் சங்கிலியை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுதல், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தல், பிரேக் கட்டையின் தேய்மானத்தைச் சோதித்தல் ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்க பணிகள். இவற்றைச் செய்யும்போது சக்கரம் தரையில் படாமல் இருப்பது நல்லது. ஆனால், வண்டியைத் தூக்குவது ஒரு செயல். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பது மற்றொரு செயல். இரண்டையும் செம்மையாகச் செய்வதே நல்ல கருவி.

நால்வகைக் கருவிகள்

முதலாவது, வண்டியோடு பிறந்த நடுத்தாங்கி. இதனைச் சென்டர் ஸ்டாண்டு என்பர். இதன் காலை மிதித்தவாறு வண்டியைப் பின்னோக்கி இழுத்தால், பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் மேலெழும். இது நெம்புகோல் தத்துவத்தில் இயங்குவது. சங்கிலியைத் தூய்மை செய்ய இதுவே போதும்.

இரண்டாவது, பேடாக் ஸ்டாண்டு. இது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை இருபுறமும் அடியில் ஏந்துவது. இதன் நீண்ட பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் சக்கரம் உயரும். நடுத்தாங்கி இல்லாத வண்டிகளுக்கு இது மிகவும் பயன்படும்.

மூன்றாவது, கத்தரி ஜாக்கி. திருகைச் சுழற்றினால் இது கத்தரிக்கோல்போல விரிந்து, வண்டியின் அடிச்சட்டத்தை மேலே தள்ளும். திருகின் மரைகளுக்கு இடையே உள்ள உராய்வு, சுமை தானாகக் கீழிறங்காதவாறு தடுக்கிறது. எனினும், சில வண்டிகளின் அடிப்பகுதியில் புகைக்குழாயோ எண்ணெய்த் தொட்டியோ அமைந்திருக்கும். அத்தகைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

நான்காவது, பட்டறைகளில் காணப்படும் ஹைட்ராலிக் மேசை. முழு வண்டியையும் இடுப்பளவு உயரத்திற்கு இது ஏந்தும்.

எண்ணெயின் வலிமையும் எல்லையும்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம், எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறிய விதி இது. பெரிய உந்துதண்டின் பரப்பு, சிறிய உந்துதண்டின் பரப்பைப்போல் 20 மடங்கு எனக் கொள்வோம். சிறியதன் மீது 10 கிலோ எடையை வைத்தால், பெரியது 200 கிலோ சுமையைத் தாங்கும். ஆனால், சுமை 1 சென்டிமீட்டர் உயர, சிறிய தண்டு 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஆதலால்தான் கைப்பிடியைப் பலமுறை அழுத்துகிறோம்.

இவ்வளவு வலிமையும் எண்ணெய் கசியாத வரையில்தான். இதற்குச் சான்றான நிகழ்ச்சி ஒன்று இந்நகரின் கடற்கரையிலேயே நடந்துள்ளது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து நைக் அப்பாச்சி என்னும் ராக்கெட் ஏவப்பட இருந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பணிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றிருந்தார். பளுதூக்கி ராக்கெட்டை உயர்த்தி ஏவுமேடையில் வைக்க முற்பட்டபோது ராக்கெட் சாயத் தொடங்கியது. பளுதூக்கியின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு ஏற்பட்டிருந்தது. பழுதுநீக்கப் பொழுதில்லை. கசிவு சிறிதாக இருந்ததால், அங்கிருந்தோர் ஒன்றுகூடித் தம் கைவலிமையாலேயே ராக்கெட்டைத் தூக்கி உரிய இடத்தில் நிறுத்தினர். அன்று மாலையே அது விண்ணை நோக்கிச் சென்றது. இந்நிகழ்ச்சியைக் கலாம் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

தும்பாவில் உதவுவதற்குப் பல கைகள் இருந்தன. நம் வீட்டு முற்றத்தில் அத்தனை கைகள் இருப்பதில்லை. எனவே, எண்ணெயைத் தூக்குவதற்கு மட்டுமே நம்ப வேண்டும். தாங்குவதற்கு இரும்பை நம்ப வேண்டும். நல்ல ஹைட்ராலிக் கருவியில், உயர்த்திய பின் குறுக்கே செருகும் இரும்பு ஊசியோ பற்களில் விழும் பூட்டோ இருக்கும். எண்ணெய் முழுதும் வடிந்தாலும் அப்பூட்டு சுமையை விடாது. பூட்டில்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கது அன்று.

வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

1. பணி: சங்கிலிக்கு எண்ணெயிட மட்டும் என்றால் நடுத்தாங்கியே போதும், புதிய கருவி தேவையில்லை. முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமாயின் வேறு கருவி வேண்டும்.

2. எடை: ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஏறத்தாழ 112 கிலோ எடையுள்ளது, சென்னையில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ளது. கருவியில் பொறித்துள்ள சுமையளவு, வண்டியின் எடையைவிட நன்கு மிகுந்திருக்க வேண்டும். மயிலிறகேயானாலும் அளவுகடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை.

3. அடிப்பகுதி: வண்டியின் அடியில் கருவியைப் பொருத்த உறுதியான சட்டம் உள்ளதா எனக் குனிந்து பார்க்க வேண்டும். வண்டியின் கையேடும் இதற்கு உதவும்.

4. தரை: மழையில் நனைந்த செம்மண்ணில் கருவியின் கால்கள் புதையும். மழைநீர் வடிவதற்காகச் சரிவாக அமைத்த முற்றத்தில் வண்டி உருளும். சமமான, கெட்டியான தரையே ஏற்றது.

5. இடம்: ஹைட்ராலிக் மேசைக்குத் தனி அறையே தேவைப்படலாம். கத்தரி ஜாக்கியோ கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும்.

சாலைக் கடைத்தெருவிலோ வேறிடத்திலோ வாங்கும்போது, கருவியை ஒருமுறை உயர்த்திப் பூட்டிக் காட்டுமாறு கடைக்காரரிடம் கேட்பது நன்று.

மறவாதீர்

வண்டியை உயர்த்துவது பெரியவர்களின் பணி. கருவிகளை எடுத்துக் கொடுப்பது உங்கள் பணி. தூக்கிய வண்டியின் கீழே கையோ காலோ நீட்டுதல் கூடாது. தரையில் நிற்கும் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கிச் சங்கிலியைச் சுழலவிட்டுத் துடைத்தல் கூடவே கூடாது. சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் இடையே விரல் சிக்கினால் துண்டாகிவிடும். சக்கரத்தைக் கையாலேயே மெல்லச் சுழற்றுக.

மொழியை அறிவோம்

தமிழில் ‘தூக்கம்’ என்றால் உறக்கம். மலையாளத்தில் ‘தூக்கம்’ என்றால் எடை. தமிழிலும் தூக்கு என்னும் சொல்லுக்கு ‘நிறுத்தல்’ என்னும் பொருள் உண்டு. ‘தாங்கு’ என்பதோ இருமொழிகளிலும் ஒரே பொருள் தருவது.

சொல்லும் பொருளும்

உந்துதண்டு – பிஸ்டன்
மரை – திருகில் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம்
பளுதூக்கி – கிரேன்
கசிவு – சிறிது சிறிதாக ஒழுகுதல்

பயிற்சி

1. கத்தரி ஜாக்கி தூக்கிய சுமை தானாக இறங்காதது ஏன்?
2. தும்பா நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் பாடம் யாது?
3. உங்கள் வீட்டு வண்டியின் எடை, முற்றத்தின் தரை ஆகியவற்றை ஆராய்ந்து, அதற்கு ஏற்ற கருவியைக் காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.