எண்ணில் பிறக்கும் வண்ணங்கள்

அகப்பக்கம் வடிவமைக்கத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே விநோதமான ஓர் எண்ணைச் சந்திப்பர். முன்னால் # என்ற குறி, பின்னால் ஆறு இலக்கங்கள். #000000 என்றால் எழுத்து கறுப்பாகத் தோன்றும். #663399 என்றால் ஊதா. கணினித் துறை சாராத நண்பர்கள் பலர் இதை ஏதோ இரகசியக் குறியீடாக எண்ணி, பிறர் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டிவிடுகின்றனர். உண்மையில் இது இடைநிலைப்பள்ளியில் ‘அசாஸ் நொம்போர்’ என்று மலாயில் நாம் படித்த கணக்குதான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பத்து பத்தாக எண்ணிப் பழகிய எனக்கு, இரண்டு, ஐந்து, எட்டு அடிமானங்களை மலாயில் கற்றபோது தலை சுற்றியது. நிற எண்களுக்கோ அடிமானம் 16. ஒன்பதுக்கு மேல் தனி இலக்கங்கள் இல்லாததால், 10 முதல் 15 வரையிலான மதிப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறு ரோமன் எழுத்துகளைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பதினாறு நம்மவர்க்குப் புதிதன்று. ஒன்றைப் பாதி பாதியாக நான்கு முறை பிரித்தால் அரை, கால், அரைக்கால், வீசம். அந்த வீசம் பதினாறில் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா. மலாயாச் சந்தைகளில் ஒரு காத்திக்கு 16 தாகில். கணினியும் இரண்டிரண்டாகவே எண்ணுகிறது என்பதால் அதற்கும் 16 வசதியாகப் போயிற்று.

ஆறு இலக்கங்களையும் மூன்று சோடிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்சோடி சிவப்பு, அடுத்தது பச்சை, கடைசி நீலம். சோடியின் முதல் இலக்கத்தை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் அந்த ஒளியின் அளவு கிடைக்கும். #663399-இல் சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153. நீலம் மிகுந்து, சிவப்பு அதற்குத் துணைநிற்க, பச்சை ஒதுங்குவதால் ஊதா பிறக்கிறது. ஒவ்வொரு சோடியும் 0 முதல் 255 வரை போகும். ஆக மொத்தம் 16,777,216 நிறங்கள்!

இந்த ஊதாவுக்கு ஒரு பெயருமுண்டு. சி.எஸ்.எஸ். மொழி பற்றிப் பல நூல்கள் எழுதிய எரிக் மேயரின் மகள் ரெபெக்கா, 2014-இல் தன் ஆறாவது பிறந்தநாளன்று மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அவளுக்குப் பிடித்த நிறம் ஊதா. வலை வடிவமைப்பாளர்களின் முயற்சியால் அதே ஆண்டு #663399 என்ற நிறத்துக்கு ‘ரெபெக்காபர்ப்பிள்’ என்ற பெயர் சி.எஸ்.எஸ். தரத்தில் சேர்ந்தது. எண்களுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. எழுத்தின் நிறத்தைக் குறிக்கும் கட்டளைச் சொல் ‘கலர்’. அதை நாம் பள்ளியில் கற்ற பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் எழுதினால் உலாவி கண்டுகொள்ளாது. அமெரிக்கரைப் போல ‘யூ’ என்ற எழுத்தை விட்டுவிட வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். மூன்று சோடிகளும் ஒன்றாக இருந்தால் கிடைப்பது கறுப்பு, சாம்பல் அல்லது வெள்ளை. ‘நாகரிகமாக’ இருக்கட்டும் என்று இன்று பலரும் வெள்ளைத் தாளில் #999999 என்ற வெளிர்சாம்பலில் எழுதுகிறார்கள். எஸ்டிபிஎம் முடித்த என் தங்கச்சிக்காக, அம்மா தம் கைப்பேசியில் ஒரு கல்வி உதவிநிதி அறிவிப்பைப் படித்தார். படித்துவிட்டு, “தம்பி, கடைசி நாள் எப்போன்னு போடாமலே விட்டுட்டாங்களே!” என்றார். போட்டிருந்தார்கள். வெளிர்சாம்பலில், சின்ன எழுத்தில். நான் பார்த்துச் சொன்னதால் தங்கச்சி விண்ணப்பித்தாள். மற்ற வீடுகளில் யார் பார்த்துச் சொன்னார்களோ!

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை 1 முதல் 21 வரை அளக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு 21. டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. அதற்கு மேலான தரத்துக்கு 7. #999999 வெறும் 2.85 தான். #777777 கூட 4.48-இல் தவறிவிடுகிறது, #767676 தான் 4.54 பெற்றுத் தப்பிக்கிறது.

இந்த வழிகாட்டி எந்த மொழிக்கென்றும் தனியாக அளவு வகுக்கவில்லை. ஆனால் தமிழில் புள்ளி இருக்கிறதே! சிறிய எழுத்தில் ஒரு புள்ளிக்கு மிகச் சில படப்புள்ளிகளே கிடைக்கும். அவற்றின் விளிம்பும் பின்னணி நிறத்தோடு கலந்து இன்னும் வெளிறும். ‘கல்வி’ என்ற சொல்லில் புள்ளி மறைந்தால் என்னவாகும் என்பதை இங்கே எழுத மாட்டேன். எகர ஏகார வேறுபாடும் ஒரு சிறு கோட்டில்தான் நிற்கிறது. ஆகவே தமிழ்ப் பத்திகளுக்கு 4.5 போதாது, 7-க்குக் குறையக்கூடாது என்பது என் கருத்து. அப்படியானால் வெள்ளையில் #595959 தான் எல்லை. நான் எழுதுவது #333333, அது 12.6 தருகிறது.

நிறம் வேண்டுவோர், மூன்று ஒளிகளும் கண்ணுக்குச் சமமல்ல என்பதை நினைவில் கொள்க. பிரகாசத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பு 21, நீலம் 7. அதனால்தான் வெள்ளையில் முழுப்பச்சை கண்ணைக் கூசச் செய்து மறைகிறது. முழுநீலம் தெளிவாக நிற்கிறது. முழுச்சிவப்பும் சுமார் 4-தான். இறுதி நாளைச் சிவப்பில் காட்ட விரும்பினால் #990000 என்று எழுதுங்கள். கிட்டத்தட்ட 9 கிடைக்கும். எழுத்தையும் சற்றுப் பெரிதாகவே வையுங்கள்.