பழைய கப்பற்பாய்

கப்பற்பாய் கிழிவதற்கு முன்பே முதுமை எய்திவிடுகிறது. கேட்பதற்கு இது விந்தையாக இருக்கலாம். நாம் உடுத்தும் வேட்டியோ, படுக்கும் விரிப்போ கிழிந்த பிறகுதான் பழையதென்று ஒதுக்கப்படும். கப்பற்பாய்க்கு அந்த நியதி இல்லை. ஓர் ஓட்டையும் இல்லாத பாயைப் பார்த்து, 'இனி இது உதவாது' என்று அனுபவமுள்ள மாலுமி சொல்லிவிடுவான். அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால், பழைய பாயை என்ன செய்வது என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பாய் என்பது காற்றுப் பின்னாலிருந்து தள்ளும் ஒரு துணி என்றே மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். காற்றுப் போகும் திசையிலேயே படகும் போகுமானால் இவ்வெண்ணம் பொருந்தும். காற்று வரும் பக்கத்தை நோக்கிச் சாய்வாக ஏறிச் செல்ல வேண்டுமானாலோ, பாய் பறவையின் சிறகைப்போல் வேலை செய்தாக வேண்டும். அதற்கு அளவான ஒரு வளைவு தேவை. அவ்வளைவின் ஆழமான இடம் பாயின் நடுவுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். பாய் தைப்போர் துணிப் பட்டைகளின் ஓரங்களை நேராக வெட்டாமல் சிறிது வளைத்து வெட்டி இணைப்பது இதற்காகவே. காற்று இழுக்க இழுக்கத் துணி நெகிழ்கிறது. வளைவு ஆழமாகிப் பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. அப்போது காற்றின் வலிமையில் பெரும் பகுதி படகை முன்னே செலுத்தாமல் பக்கவாட்டில் சாய்ப்பதிலேயே செலவாகிறது. துணி இருக்கிறது, வடிவம் போய்விட்டது.

வடிவத்தின் அருமையை 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நேரிலேயே கண்டது. ஆகஸ்டு 22-ஆம் நாள் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில், 'அமெரிக்கா' என்னும் பெயருடைய அமெரிக்கப் படகு ஆங்கிலேயப் படகுகளை வென்றது. ஆங்கிலேயர் கட்டியிருந்தவை ஆளிச் செடியின் நாரால் நெய்த பாய்கள். அவை தொய்வடையும் இயல்பின. அமெரிக்கர் கட்டியது நெருக்கமாக நெய்த பருத்திப் பாய். அது தொய்யாமல் நின்றது. படகின் உடலமைப்பும் வெற்றிக்குக் காரணமே எனினும், அன்று முதல் பருத்திப் பாய்க்கு மதிப்பு ஏறியது.

பாய் இழக்கக்கூடிய மற்றொன்று வலிமை. பருத்திக்கும் ஆளி நாருக்கும் பகை ஈரமும் பூஞ்சையும். 1950-களில் பரவிய பாலியெஸ்டர் பாய் மக்குவதில்லை. ஆனால் அதற்கு வெயில் பகை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இழைகளை நொறுங்கச் செய்கின்றன. முதலில் கெடுவது துணியன்று, தையல் நூல்! நூல் துணியின் மேற்பரப்பில் வெயிலை நேரே வாங்கிக்கொண்டு நிற்பதே காரணம். ஆகவே பழைய பாய் ஒன்று கைக்கு வந்தால், தையல்மீது கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் அறுந்து உதிர்ந்தால் தையலை மட்டும் புதுப்பிக்கலாம். பிறகு பாயின் வெயில் பட்ட ஓரத்தைக் கையால் கிழிக்க முயலுங்கள். தாள்போல் கிழிந்தால் அந்தப் பாய் காற்றின் முன் மீண்டும் நிற்கக் கூடாது. நடுக்கடலில் பாய் கிழிந்தால் உயிருக்கே இடர் நேரும். இதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒப்பமாட்டேன்.

கிழியாமல் வடிவம் மட்டும் போயிருந்தால், பாய் தைப்போர் சில தையல்களைப் பிரித்து, மிகுந்த வளைவை வெட்டி எடுத்து, மீண்டும் இணைத்துத் தருவார்கள். அதுவும் பயன்படாவிட்டால் அப்பாயைப் பணியில் ஒரு படி இறக்கலாம். பின்காற்றில் செல்வதற்கும், புதியவர்கள் படகோட்டப் பழகுவதற்கும் தொய்ந்த பாய் போதும்.

பெரிய பாய்க்கப்பல்களில் இப்படி இறக்குவது ஒரு முறையாகவே வழங்கியது. தென் கடல்களின் புயலுக்குக் கப்பலின் மிகச் சிறந்த பாய்கள் ஏறும். வெப்ப மண்டலத்தின் அமைதியான காற்றுக்குள் நுழைந்ததும் அவை இறக்கப்பட்டு, ஒட்டுப்போட்ட பழம் பாய்கள் ஏறும். ஆஸ்திரேலியக் கோதுமையை ஏற்றிக்கொண்டு ஹார்ன் முனையைச் சுற்றி 91 நாட்களில் அயர்லாந்தை அடைந்து, 1939-ஆம் ஆண்டின் கோதுமைக் கப்பல்களுள் முதலிடம் பெற்ற 'மோஷுலு'விலும் இவ்வாறு பாய்கள் மாற்றப்பட்டன. நல்ல நாளில் நல்ல ஆடை உடுத்துவது நம் வழக்கம். மாலுமிகளின் வழக்கமோ நேர்மாறு.

காற்றைப் பிடிக்காத வேலையும் பாய்க்கு உண்டு. 1770-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் இரவு, காப்டன் குக் செலுத்திய 'எண்டவர்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்கே பவளப் பாறையில் மோதிச் சிக்கிக்கொண்டது. கப்பலில் ஏறக்குறைய 90 பேர். கரையோ தொலைவில், எல்லோரையும் ஏற்றிச் செல்லப் படகுகள் போதா. பீரங்கிகளையும் பிற சுமைகளையும் கடலில் எறிந்த பிறகு, மறுநாள் இரவுதான் கப்பல் பாறையை விட்டு மிதந்தது. அதன் பின்னும் ஓட்டை வழியே நீர் பெருகிக்கொண்டிருந்தது. அப்போது ஜோனதன் மங்க்ஹவுஸ் என்னும் இளம் அலுவலர், முன்பு ஒரு வணிகக் கப்பலில் தாம் கண்ட முறையைச் செய்து காட்டினார். பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் ஆட்டு உரோமத்தையும் நறுக்கிக் கலந்து, ஒரு பாய்மேல் பிடி பிடியாக ஒட்டி, அதன்மேல் சாணத்தையும் பூசினார்கள். அந்தப் பாயைக் கயிறுகளால் கப்பலின் அடியே இழுத்து ஓட்டைக்கு நேரே கொண்டுவந்தார்கள். உள்ளே பாய்ந்த நீரே நாரையும் உரோமத்தையும் ஓட்டைக்குள் இழுத்து அடைத்துவிட்டது. அதன் பிறகு வடிந்து வந்த நீரை இறைக்க ஒரே இறைகுழாய் போதுமானதாயிற்று. கப்பல் ஓர் ஆற்று முகத்தை அடைந்து, ஏறக்குறைய ஏழு வாரம் தங்கிப் பழுது பார்க்கப்பட்டது. கரையில் சாய்த்துப் பார்த்தபோது, உடைந்த பவளத் துண்டு ஒன்றும் ஓட்டையில் செருகிக்கொண்டு நின்றதைக் கண்டார்கள்.

பாயாக இருக்கும் தகுதி முழுதும் நீங்கிய துணியையும் அக்காலத்தார் எறிந்ததில்லை. தார் பூசினால் அது சரக்குகளை மூடும் போர்வை. எண்ணெய் பூசினால் மழைச் சட்டை. இறந்த மாலுமியை வைத்துத் தைத்துக் கடலில் விடுவதும் கித்தானில்தான். 'தார்ப்பாலின்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாவில் தார்ப்பாய் ஆயிற்றுபோலும். மூலச் சொல்லில் 'பாய்' இல்லாவிட்டாலும், தமிழ் வழக்கே பொருளை விளக்கமாகக் காட்டுகிறது என்பது என் கருத்து. மரக்கூழ்க் காகிதம் பரவுவதற்கு முன் கந்தைத் துணியே காகிதத்தின் மூலப்பொருள். நார்ப் பாய்கள் காகித ஆலைகளுக்கு விலைபோயின. ஒரு காலத்தில் கடலைக் கடந்த துணியின்மேல் பிறகு யாரோ கணக்கு எழுதியிருப்பார்கள்.

பாலியெஸ்டர் பாய்க்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. அதைக் கந்தைக் காகிதமாக்க முடியாது. மண்ணில் போட்டாலும் நெடுங்காலம் கிடக்கும். ஆகவே துணியாகவே பயன்படுத்துவதுதான் அறிவுடைமை. வெயில் படாது மடிந்து கிடந்த பகுதிகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்துப் பைகளும் படகுறைகளும் நிழற்பந்தல்களும் தைக்கலாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு துறைமுகத்தில் பழம் பாய்களிலிருந்து பைகள் தைப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

எதுவும் செய்யாமல் விடவேண்டிய பழம் பாயும் ஒன்று உண்டு. 1805 அக்டோபர் 21-ஆம் நாள் டிரபால்கர் போரில் நெல்சனின் 'விக்டரி' கப்பலில் முன்மரத்தின்மேல் நின்ற பாய், போர்ட்ஸ்மத் நகரில் இன்றும் காக்கப்படுகிறது. டண்டீ நகரில் நெய்த ஆளி நார்த் துணி அது. பரப்பு 3,618 சதுர அடி. பீரங்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகள் ஏறக்குறைய 90. பாய் தைப்பவர் கையில் அன்று அகப்பட்டிருந்தால் இவற்றை ஒரு வாரத்தில் ஒட்டுப்போட்டு மூடியிருப்பார். காப்பாளர்களோ அந்த ஓட்டைகளை அப்படியே விட்டு, மங்கலான வெளிச்சத்தில் அதைக் காத்து வருகிறார்கள்.