பாலைவனத் தோட்டத்துக்குச் சொட்டு நீர்: கையெழுத்துப் போடும் முன்

அரிசோனாவில், பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் புதிதாக வீடு வாங்கிய நண்பர் ஒருவர் மூன்று கொட்டேஷன்களை என் முன்னால் பரப்பி வைத்தார். வாசலில் நிழலுக்கு இரண்டு மரம், பின்பக்கம் முருங்கை, எலுமிச்சை, கொஞ்சம் பூச்செடிகள். இவற்றுக்குச் சொட்டு நீர்க் குழாய் போட ஒருவர் 1,800 டாலர் கேட்டிருந்தார். இன்னொருவர் 3,400, மூன்றாமவர் 5,200. "ஒரே தோட்டம்தானே அண்ணா, எப்படி இவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

மூன்று தாள்களையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தோம். 1,800 டாலர் தாளில் முழுத் தோட்டத்துக்கும் ஒரே வால்வு. நீரழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் பற்றிப் பேச்சே இல்லை. பாறை வந்தால் 'கூடுதல் கட்டணம்' என்று கடைசி வரியில் பொடி எழுத்து. லைசென்ஸ் எண் எங்கேயும் காணோம். மலிவு எதனால் வந்தது என்பது அந்தத் தாளிலேயே இருந்தது.

பீனிக்ஸில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைத் தொடாது. 2023 கோடையில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. இந்த ஊரில் தண்ணீர் கட்டாமல் வைத்த கன்று ஒரு வாரம் தாங்காது. ஆகவே குழாய் போடத்தான் வேண்டும். ஆனால் இங்கே வீட்டுத் தண்ணீரில் 70 விழுக்காடு வரை வீட்டுக்கு வெளியேதான் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கொலராடோ ஆற்றில் நீர் குறைந்து, 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அதில் அதிகம் வெட்டுப்பட்ட மாநிலம் அரிசோனா. குழாய் போடுவதற்கு ஒருமுறைதான் செலவு. தப்பாகப் போட்ட குழாய்க்கோ மாதாமாதம் தண்ணீர் பில்லில் செலவு.

சரி, பணம் எதற்குப் போகிறது? செடியடியில் சொட்டும் எமிட்டரின் விலை ஒரு டாலர்கூட இல்லை. கறுப்புக் குழாயும் மலிவுதான். செலவெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிற சாமான்களிலும் கூலியிலும்தான்.

முதலில், தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு. தெருக் குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்தால், தோட்டத்து மண்ணில் தேங்கிய நீர் உரத்தோடும் நாய் மூத்திரத்தோடும் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படும். அதைத் தடுப்பதற்காகவே இந்த வால்வு. வீடுகளில் வழக்கமாகப் பொருத்துகிற வகையை, தோட்டத்தில் தண்ணீர் வெளியேறும் மிக உயரமான இடத்தைவிட ஓரடி மேலே வைக்க வேண்டும். உங்கள் குழந்தை குடிக்கிற தண்ணீர் சம்பந்தப்பட்டது, இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அடுத்தது ரெகுலேட்டரும் ஃபில்டரும். சொட்டு நீருக்கு 20 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். தெருவிலிருந்து வருவது பெரும்பாலும் அதைப்போல இரு மடங்கு. ரெகுலேட்டர் இல்லாவிட்டால் ராத்திரியில் ஏதோ ஓர் எமிட்டர் பிய்த்துக்கொண்டு போகும். விடியும்வரை தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பில் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.

மூன்றாவது, வால்வுகளின் எண்ணிக்கை. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். இங்கே தோட்டக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பூச்செடிக்கும் கள்ளிக்கும் ஓரடி, புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி ஆழத்துக்கு மண் நனைய வேண்டும். மரத்துக்கு நெடுநேரம், ஆனால் எப்போதாவது. பூச்செடிக்குக் கொஞ்ச நேரம், அடிக்கடி. ஒரே வால்வில் இரண்டையும் கோத்தால் ஒன்று அழுகும், இல்லை மற்றொன்று காயும். நண்பரின் பக்கத்து வீட்டில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். டைமர் நாள் தவறாமல் ஓடுகிறது, ஆனாலும் எலுமிச்சை இலைகளின் ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மரத்தடியில் குத்திப் பார்த்தேன். நாலு விரற்கடை இறங்கியதும் நின்றுவிட்டது. தினமும் மேலாக மட்டும் நனைந்ததால் தண்ணீரில் இருந்த உப்பு கீழே போகாமல் வேர்ப்பகுதியிலேயே தங்கிவிட்டது. எமிட்டரின் வாயில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசலில் நின்ற மரத்துக்கும் நட்ட அன்று அடிமரத்தை ஒட்டி வைத்த எமிட்டர்தான், நகர்த்தவே இல்லை. வேர் வெளியே பரவவில்லை. ஜூலைக் காற்றில் மரம் அடியோடு சாய்ந்தது. நம் ஊரில் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கிறவர் அடிமரத்தில் தண்ணீர் விடமாட்டார். மரம் வளர வளர எமிட்டரையும் கிளை விரிப்பின் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.

பிறகு, பாறை. இந்த பீனிக்ஸ் பள்ளத்தாக்கின் மண்ணுக்கடியில் பல இடங்களில் சுக்கான் பாறை படுத்திருக்கிறது. கடப்பாரை 'ணங்' என்று திரும்பி வரும். இயந்திரம் வைத்து உடைத்தால்தான் குழாய்க்கு வழி. அதனால் 'பாறை வந்தால் கூடுதல்' என்று எழுதுவது தப்பில்லை. ஓர் அடி நீளத்துக்கு எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு. வேலை தொடங்குமுன் நீங்களே இரண்டு மூன்று இடங்களில் தோண்டிப் பாருங்கள். பாறை இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். இது இலவசம். மின்சாரம், எரிவாயு, கேபிள் எங்கே ஓடுகிறது என்று வண்ணமடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு என்றால் மின்சாரம். ஆனால் நீச்சல் குளத்து ஹீட்டருக்கோ வெளி அடுப்புக்கோ முந்தைய உரிமையாளர் சொந்தமாக இழுத்த கோடுகளைக் குறிக்க மாட்டார்கள். அவற்றைப் பற்றி விசாரிப்பது உங்கள் பொறுப்பு.

இனி உங்கள் உரிமைகள். அரிசோனாவில் கூலியும் சாமானும் சேர்த்து 1,000 டாலரைத் தொடுகிற வேலைக்கும், பெர்மிட் தேவைப்படுகிற எந்த வேலைக்கும் ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். வீட்டுத் தோட்டப் பாசனத்துக்கு உரிய வகை ஆர்-21. 'ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ்' என்ற மாநில அலுவலகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, புகார் உண்டா என்று தெரியும். லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை எடுப்பது குற்றம்.

1,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்பது சட்டம். அதில் லைசென்ஸ் எண், வேலை விவரம், முடியும் தேதி, மொத்தத் தொகை, முன்பணம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டும், புகார் செய்ய உங்களுக்குள்ள உரிமை எல்லாம் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் உங்கள் கைக்கு ஒரு பிரதி வர வேண்டும். முன்பணத்துக்கு கலிஃபோர்னியாவில் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், எது குறைவோ அது. அரிசோனாவிலும் அதையே உங்கள் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கதவைத் தட்டி வந்து, 'பக்கத்துத் தெருவில் வேலை நடக்கிறது, இன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை' என்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். வீட்டு வாசலில் இப்படி முடிந்த விற்பனையை, மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுவரை ரத்து செய்ய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இடம் தருகிறது. எழுத்தில் ரத்து செய்து, அனுப்பியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு. ஒப்பந்தக்காரர் குழாய்க் கடைக்குப் பணம் கொடுக்கவில்லை என்றால் கடைக்காரர் உங்கள் வீட்டின்மேல் பாத்தியதை கோர முடியுமா? நீங்கள் குடியிருக்கிற சொந்த வீடு என்றால், உங்களோடு நேரடி எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர் அப்படிக் கோர அரிசோனா சட்டம் விடாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முதலீட்டுக்காக இரண்டாவது வீடு வாங்கி வைத்திருக்கிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டு வேலைக்கு, கடைக்காரரிடமிருந்து 'பணம் கிடைத்தது, உரிமை விட்டோம்' என்ற கடிதம் வாங்கிய பிறகே மிச்சப் பணம் கொடுங்கள்.

வேலை கெட்டுப்போனால், முடிந்த இரண்டு ஆண்டுக்குள் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆய்வாளர் வந்து பார்ப்பார். குறை இருந்தால் சரிசெய்யும்படி ஒப்பந்தக்காரருக்குக் கெடு கொடுப்பார்கள். செய்யாவிட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து. குடியிருக்கிற வீட்டுக்காரருக்கு, லைசென்ஸ் உள்ளவர் செய்த நட்டத்துக்கு, அதே அலுவலகத்தின் மீட்பு நிதியிலிருந்து 30,000 டாலர் வரை கிடைக்க வழியுண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்திருந்தால் அந்த நிதியின் கதவு மூடியிருக்கும். 10,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம்.

புல்தரையை எடுத்துவிட்டுச் சொட்டு நீர் போடுகிறவர்கள் நகராட்சியைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். சாண்ட்லர், மேசா, ஸ்காட்ஸ்டேல் நகரங்கள் புல்லை அகற்றப் பணம் கொடுத்து வந்திருக்கின்றன. பொதுவாக, புல் இருக்கும்போதே விண்ணப்பித்து அனுமதி வாங்கியவருக்குத்தான் அது.

நண்பர் 3,400 டாலர்க்காரரைத் தேர்ந்தெடுத்தார், மரத்துக்குத் தனி வால்வு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு. பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, இருவரும் அளவு நாடாவைக் குழாயின்மேல் நீட்டி, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி ஒவ்வொரு திருப்பத்தையும் படமெடுத்தோம். பிறகு ஒவ்வொரு வால்வாகத் திறக்கச் சொல்லி, எமிட்டர் எமிட்டராகக் குனிந்து பார்த்தோம். முருங்கையடியில் ஒன்று சொட்டவில்லை. ஒப்பந்தக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார். கடைசித் தவணைக்கான செக்கை நண்பர் அதன் பிறகுதான் எழுதினார்.