காலையில் பிள்ளைகள் தாமே ஆடை அணிய: வீட்டிலேயே செய்யும் ஐந்து நாள் உடுப்புத் தட்டு

ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை நான்கு வயதை நிறைவு செய்யும் ஆண்டின் செப்ரெம்பர் மாதத்தில் இளநிலைப் பாலர் வகுப்பில் சேரலாம். ஏறத்தாழ 26 பிள்ளைகள் கொண்ட வகுப்பில் பொதுவாக ஓர் ஆசிரியரும் ஒரு முன்பிள்ளைப் பருவக் கல்வியாளரும் இருப்பர். குளிர்காலத்தில் வெளியே விளையாடச் செல்லுமுன் இத்தனை பிள்ளைகளும் பனிக் காற்சட்டை முதல் கையுறை வரை அணிந்தாக வேண்டும். தானே அணியப் பழகிய பிள்ளை முதலில் வெளியே செல்லும். பழகாத பிள்ளை பாதி உடுப்புடன் வியர்த்தபடி, உதவிக்குக் காத்து நிற்கும்.

வீட்டிலும் இதே நிலைதான். பல தமிழ்க் குடும்பங்களில் தாயும் தந்தையும் விடியுமுன்பே வேலைக்குப் புறப்பட, பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ விடப்படுகின்றது. எந்த உடுப்பு எங்கே உள்ளது, இன்று எதை அணிய வேண்டும் என்பவை அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். சில அட்டைப் பெட்டிகளையும் ஒரு ஞாயிறு மாலையையும் கொண்டு இச்சிக்கலைப் பெருமளவு தீர்க்கலாம்.

நேரம் எங்கே வீணாகின்றது?

காலையில் ஆடை அணிவதற்குச் சில நிமிடங்களே போதும். நேரத்தை விழுங்குபவை வேறு மூன்று: எதை அணிவது என்று தீர்மானித்தல், அதைத் தேடி எடுத்தல், எதன்பின் எதை அணிவது என்று ஒவ்வொரு முறையும் பெரியவர் சொல்லிக் கொண்டிருத்தல். முதல் இரண்டையும் ஞாயிறு மாலைக்கு மாற்றிவிடலாம். மூன்றாவதைப் படங்கள் பார்த்துக்கொள்ளும். எஞ்சியிருப்பது அணிவது மட்டுமே. அதைப் பிள்ளையே செய்யலாம்.

உடுப்புத் தட்டைச் செய்யும் முறை

தேவையானவை: பெரியவர்களின் குளிர்காலச் சப்பாத்துகள் வரும் அளவிலான ஐந்து அட்டைப் பெட்டிகள், அகலமான ஒட்டுநாடா, ஐந்து நிறத் தாள்கள், பசை.

1. பெட்டிகளின் மூடிகளை அகற்றி, திறந்த பக்கம் முன்னோக்கி இருக்கும்படி வைக்கவும். கீழே மூன்று, மேலே இரண்டு என அடுக்கி, ஒட்டுநாடாவால் இறுகப் பிணைக்கவும். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எளிதில் சரியும். மேற்பெட்டி பிள்ளைக்கு எட்டவும் மாட்டாது.

2. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறத் தாளை ஒட்டி, திங்கள் முதல் வெள்ளி வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதவும். எழுத்தறியாத பிள்ளை நிறத்தைக் கொண்டு நாளை அறியும். நாளடைவில் கிழமைகளின் பெயர்களையும் இரு மொழியிலும் வாசிக்கப் பழகும்.

3. ஒரு நாளுக்குரிய உள்ளாடை, காலுறை, காற்சட்டை, மேற்சட்டை ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைக்கவும். முதலில் அணிய வேண்டியது மேலே இருக்கட்டும். உடற்பயிற்சிப் பாடம் உள்ள நாளின் பெட்டியில் அதற்குரிய ஆடையையும், நூலக நாளின் பெட்டியில் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தையும் சேர்த்து வைக்கலாம்.

ஞாயிறு மாலையில் பெட்டிகளை நிரப்பும்போது பிள்ளையும் உடனிருக்க வேண்டும். அலுமாரி முழுவதையும் திறந்து காட்டாமல், இரண்டு சட்டைகளை நீட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது போதுமானது. தானே தெரிவு செய்த சட்டையைப் பிள்ளை காலையில் மறுப்பது குறைவு. அப்படியும் மறுத்தால், அவ்வாரத்தின் மற்றொரு பெட்டியோடு மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம். அலுமாரிக்குத் திரும்பிச் செல்வதில்லை என்பதை வீட்டின் விதியாக வைக்கலாம்.

படவரிசை

ஒரு நீண்ட அட்டையில் பிள்ளையின் சொந்த உடுப்புகளின் ஒளிப்படங்களை அணியும் ஒழுங்கில் ஒட்டவும். படம் வரைந்தாலும் குறையில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் மடிக்கக்கூடிய தாள் மூடி ஒன்றை அமைத்தால், ஒன்றை அணிந்து முடித்ததும் பிள்ளையே அதை மூடலாம். எல்லா மூடிகளும் மூடப்பட்டால் வேலை முடிந்தது. இதனால் பெரியவர் ஒவ்வொன்றாக நினைவூட்டத் தேவையில்லை, ‘அடுத்தது என்ன?’ என்று படத்தைச் சுட்டிக் கேட்டால் போதும்.

வாசலருகே குளிர்கால ஒழுங்கு

இரண்டாவது படவரிசை வாசலருகே இருக்க வேண்டும். பிள்ளையின் தோள் உயரத்தில் சில கொழுக்கிகளைப் பொருத்தி, மேலங்கியையும் பனிக் காற்சட்டையையும் அங்கே கொழுவலாம். அணியும் ஒழுங்கு பின்வருமாறு அமையலாம்:

பனிக் காற்சட்டை – பனிச் சப்பாத்து – கழுத்துறை – மேலங்கி – தொப்பி – கையுறை

இவ்வொழுங்கிற்குக் காரணம் உண்டு. தடித்த மேலங்கியை முதலில் அணிந்த பிள்ளையால் குனிந்து சப்பாத்துப் போட முடியாது. கையுறையை முதலில் அணிந்தால் சிப்பை இழுக்க விரல்கள் உதவா. பனிக் காற்சட்டையின் உள்ளே உள்ள இலாஸ்ரிக் பட்டையைச் சப்பாத்தின் மேல் இழுத்துவிட்டால் பனி உள்ளே புகாது.

குளிர்நாட்டிற்குப் புதிதாக வந்த பேரன் பேத்தியரின் பாட்டன் பாட்டியருக்கும் இப்படவரிசை உதவும். காற்றுடன் சேர்ந்த குளிரின் அளவு -28 அல்லது அதற்குக் கீழே செல்லும்போது, மூடப்படாத தோல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். ஆகவே ஒரு கையுறை விடுபடுவதும் சிறிய தவறன்று. நனைந்தவற்றை மாற்றுவதற்காக மேலதிகக் காலுறையும் கையுறையும் ஒவ்வொரு சோடி புத்தகப் பையில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரை எழுதி வைப்பது நல்லது.

சிறு கைகளுக்கு உதவும் வழிகள்

• மேலங்கியைத் தரையில் விரித்து, அதன் கழுத்துப் பகுதி பிள்ளையின் கால்களருகே இருக்கும்படி வைக்கவும். பிள்ளை குனிந்து இரு கைகளையும் கைப்பகுதிகளுள் நுழைத்து, மேலங்கியைத் தலைக்கு மேலாகப் பின்னே வீசினால் அது தானாகவே சரியாக அமரும்.

• சிப்பின் நுனியில் ஒரு சாவி வளையத்தைக் கோத்துவிட்டால் பிடித்து இழுப்பது எளிது.

• ஒரு ஒட்டுப்படத்தை இரண்டாக வெட்டி, இடச் சப்பாத்தினுள் ஒரு பாதியையும் வலச் சப்பாத்தினுள் மறு பாதியையும் ஒட்டவும். படம் ஒன்று சேர்ந்தால் சப்பாத்து சரியான காலுக்குரியது.

• விரல்கள் தனித்தனியே உள்ள கையுறையை விட, பெருவிரலுக்கு மட்டும் தனியிடம் உள்ள கையுறை அணிய எளிது. சூட்டையும் நன்கு காக்கும்.

புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போது இறுதிப் படியிலிருந்து தொடங்குவது பயன் தரும். காலுறையைக் குதிக்கால் வரை பெரியவர் போட்டுவிட்டு, மேலே இழுப்பதைப் பிள்ளையிடம் விடலாம். அது கைவந்த பின் குதிக்காலைத் தாண்டி இழுப்பதையும் பிள்ளையிடமே விடலாம். இவ்வாறு ஒவ்வொரு நாளும் முடித்துவைப்பது பிள்ளையாகவே இருக்கும். ‘நானே செய்தேன்’ என்ற நிறைவும் அதற்குக் கிடைக்கும். பொறுக்க மாட்டாமல் பெரியவர் முழுவதையும் செய்துவிடுவது அன்பினால்தான் என்றாலும், அந்த உதவி வகுப்பறையில் கிடைக்காது. அவசரமான நாட்களில் உதவி செய்து, நேரமுள்ள வார இறுதிகளில் பழக்குவது நடைமுறைக்கு ஏற்றது.

பாதுகாப்பு

• சிறு பிள்ளைகளுக்குக் கழுத்தில் சுற்றும் நீண்ட சால்வையைத் தவிர்த்து, கழுத்துறையைப் பயன்படுத்தவும். மேலங்கியின் கழுத்திலுள்ள கயிறுகளை அகற்றவும். கையுறைகளைக் கயிற்றால் இணைக்காமல் கவ்விகளால் பொருத்தவும். விளையாட்டுச் சாதனங்களில் கயிறும் சால்வையும் சிக்கினால் உயிராபத்து நேரலாம்.

• அட்டைப் பெட்டிகளைச் சுவரடி வெப்பமூட்டியின் அருகே வைக்கக்கூடாது. அட்டைக்குப் பதிலாக மர அலுமாரியைப் பயன்படுத்துவோர் அது சரியாதபடி சுவரோடு பிணைக்க வேண்டும்.

• சிறு காந்தங்களையும் பொத்தான் மின்கலங்களையும் படவரிசையில் பயன்படுத்தக்கூடாது. விழுங்கினால் கடுமையான உட்காயம் ஏற்படும்.

• காரில் செல்லும் பிள்ளைக்குத் தடித்த மேலங்கியின் மேல் இருக்கைப் பட்டியைப் பூட்டக்கூடாது. பட்டி தளர்வாகவே இருக்கும். மெல்லிய ஆடையுடன் பட்டியைப் பூட்டிய பின் மேலங்கியையோ போர்வையையோ பிள்ளையின் மேல் போர்த்தலாம்.

எப்போது தொடங்கலாம்? உதவி எங்கே?

முதற்பனி விழுமுன், ஒக்ரோபர் மாத வார இறுதி ஒன்றில் தொடங்குவது சிறந்தது. கடையிலிருந்து வந்த பனிச் சப்பாத்தை வீட்டுக் கூடத்திலேயே அணிந்து கழற்றிப் பழகிய பிள்ளைக்கு, முதற்பனி நாள் கலக்கமின்றி அமையும்.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அவர்களைப் பராமரிப்போரும் ஒன்ராறியோவின் ஏர்லிஓன் சிறுவர் குடும்ப நிலையங்களுக்குக் கட்டணமின்றிச் செல்லலாம். பாட்டன் பாட்டியரும் பிள்ளையுடன் செல்லலாம். அருகிலுள்ள நிலையத்தையும் குளிர்கால உடுப்பு உதவி வழங்கும் அமைப்புகளையும் அறிய 211 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தொடர்ந்து பழக்கியும் பிள்ளைக்கு ஆடை அணிவது மிகக் கடினமாக இருந்தாலோ, சில துணிகளின் தொடுகையையே தாங்க முடியாமல் இருந்தாலோ, அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் வகுப்பாசிரியரிடமும் குடும்ப மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும். தேவையெனில் அவர்கள் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பி வைப்பர்.