இரண்டு டி.ஆர். மகாலிங்கம்: எந்த இசை யாருடையது?

லகாட், பூசிங், பாப்பான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் டி.ஆர். மகாலிங்கம் என்று சொன்னால், உச்சத்தில் ஏறி நிற்கும் அந்தக் கணீர்க் குரல்தான் நினைவுக்கு வரும். அதே பெயரைப் பேரப்பிள்ளை கைப்பேசியில் தேடிப் போட்டால், சில நேரம் நீண்ட புல்லாங்குழல் கச்சேரி ஒன்று ஒலிக்கத் தொடங்கும்.

“இது அவர் இல்லையே” என்பார் தாத்தா. “பேரு இதுதான் தாத்தா போட்டிருக்கு” என்பான் பேரன். இருவர் சொல்வதும் சரிதான். ஒரே காலத்தில், ஒரே முதலெழுத்துகளோடு, ஒரே பெயரில் இரண்டு இசைக்கலைஞர்கள் தமிழ்நாட்டில் புகழோடு வாழ்ந்தார்கள்.

பாடியவர் யார்? வாசித்தவர் யார்?

பாடகரும் நடிகருமான டி.ஆர். மகாலிங்கம், மதுரை மாவட்டம் சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்தவர். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ அவரை உச்சிக்குக் கொண்டு சென்றது. 1947இல் ‘நாம் இருவர்’ வந்தது. பிறகு சொந்தப் படங்கள் எடுத்து நொடித்துப்போனார். 1958இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவரை மீண்டும் தூக்கி நிறுத்தியது. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் பாணபத்திரராக வந்தவரும் இவரே. 1978இல் காலமானார்.

புல்லாங்குழல் டி.ஆர். மகாலிங்கம் 1926இல் தஞ்சை மண்ணின் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஏழு வயதிலேயே மேடை ஏறினார். விரல்களை வைக்கும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டில் வரும் கமகங்களைக் குழலிலும் கொண்டு வந்தார். இன்று கர்நாடக இசையில் குழல் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். புகழ்பெற்ற என். ரமணி அவருடைய சீடர். கச்சேரிக்கு வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே கூட்டம் அவருக்காகக் காத்திருக்கும். 1986இல் மறைந்தார்.

ஆங்கில எழுத்து செய்த வேலை

இந்தக் குழப்பத்துக்குப் பெயர் மட்டும் காரணமல்ல. முன்னவர் தென்கரை இராமகிருஷ்ணன் மகாலிங்கம். பின்னவர் திருவிடைமருதூர் இராமசாமி மகாலிங்கம். ஊரும் வேறு, தந்தையும் வேறு. ஆங்கிலத்தில் சுருக்கியபோது இரண்டு ஊர்களும் ‘டி’ ஆயின. இரண்டு தந்தையரும் ‘ஆர்’ ஆனார்கள். தமிழில் சுருக்கியிருந்தால் ஒருவர் தெ.இரா. மகாலிங்கம், மற்றவர் தி.இரா. மகாலிங்கம். ஓர் எழுத்து இருவரையும் பிரித்துக் காட்டியிருக்கும்.

ரசிகர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள். குழல் வாசித்தவரை ‘மாலி’ என்று அழைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரிலும் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்த ஓவியர் மாலி அவர். வேடிக்கை என்னவென்றால், அவருடைய முழுப்பெயரும் டி.ஆர். மகாலிங்கம்தான்! அதனால் ‘புல்லாங்குழல் மாலி’ என்று வாத்தியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊரைச் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். 1912இல் பிறந்த இரண்டு மணி ஐயர்கள் இருந்தார்கள். பாடியவர் மதுரை மணி ஐயர், மிருதங்கம் வாசித்தவர் பாலக்காடு மணி ஐயர். இருவரும் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்கள். ஊர்ப்பெயர் முன்னால் நின்றதால் யாருக்கும் குழப்பமில்லை.

நம் தோட்டங்களிலும் இதே கதைதான். ஒரே லயத்தில் மூன்று முருகன் இருந்தால் ஒருவர் டிராக்டர் முருகன், ஒருவர் தவில் முருகன், ஒருவர் மேட்டு லயத்து முருகன்.

இன்று ஏன் முக்கியம்?

கைப்பேசிச் செயலிக்கு லயமும் தெரியாது, வாத்தியமும் தெரியாது. எழுத்து ஒன்றாக இருந்தால், இருவரின் இசையையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடும். மறைந்தவர்களுக்கு இது பெயர்க் குழப்பம். இப்போது பாட்டு வெளியிடும் நம் இளைஞர்களுக்கோ இது வருமானக் குழப்பமும் ஆகலாம். கணேஷ், குமார், பிரியா போன்ற பெயர்களில் உலகெங்கும் எத்தனையோ பாடகர்கள் உண்டு. பாட்டு வேறொருவர் பக்கத்தில் சேர்ந்துவிட்டால், கேட்பவர் கணக்கும் அங்கே போகும்.

இதைத் தவிர்க்க எண்கள் உள்ளன. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் உண்டு. கலைஞரை அடையாளம் காட்ட 16 இலக்க ஐஎஸ்என்ஐ எண் இருக்கிறது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் நம் நாட்டில் எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. முதல் பாட்டை வெளியிடும் முன் உங்கள் பெயரைச் செயலிகளில் தேடிப் பாருங்கள். வேறொருவர் இருந்தால், பெயருக்கு முன்னால் ஊரைப் போடுங்கள். பிறகு எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் அதையே எழுதுங்கள். கோயில் திருவிழாப் பதாகையிலும் அதே பெயர் இருக்கட்டும்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லகாட் என்ற பெயராவது ஒரு பாடகரின் பெயருக்கு முன்னால் நிற்கட்டுமே. மதுரைக்கும் பாலக்காட்டுக்கும் கிடைத்த இடம் நம் ஊருக்கும் கிடைக்கும்.