ஏலத்தாளும் மொழிபெயர்ப்பாளரும்

அண்மையில் உக்குவளையிலிருந்து சாச்சாவின் மகன் வந்தான். "நானா, நீங்க தமிழ் படிச்ச ஆள்தானே, இத ஒருக்கா பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினான். அவன் வாங்க நினைத்த வேன் ஜப்பானில் ஏலம்போன போது எழுதப்பட்ட தாள் அது. ஜப்பானிய எழுத்துக்குக் கீழே யாரோ தமிழில் 'பழுதுபார்த்த வரலாறு இல்லை' என்று எழிதியிருந்தார்கள். "அப்ப அடிபடாத வாகனம்தானே?" என்றான்.

தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற எனக்குப் பதில் தெரியவில்லை. சில காலம் ஜப்பானில் வேலை செய்த கராஜ்காரர் ஒருவரிடம் போனோம். அவர் அச்சொல்லை விடுத்து, தாளிலிருந்த வாகனப் படத்தையே முதலில் பார்த்தார். முன் இடக் கதவில் 'எக்ஸ் எக்ஸ்' என்றிருந்தது. "கதவு மாத்தியிருக்கு" என்றார்.

அப்படியென்றால் தாள் பொய்யா? இல்லை. ஜப்பானிய வாகன வணிகத்தில் 'ஷூஃபுகுரெகி' என்பது வாகனத்தின் எலும்புக்கூடு போன்ற சட்டகப் பாகங்களில் நடந்த திருத்தத்தையே குறிக்கும். கதவு, பம்பர் மாற்றியது அதில் சேராது. மொழிபெயர்த்தவருக்கு மொழி தெரிந்திருந்தது, வாகனம் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே இத்தகைய தாளுக்கு ஆள் தேடுவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஜப்பானியத்திலிருந்து நேரே தமிழாக்கக்கூடியவரா? ஆங்கிலத்தைச் சுற்றிவந்தால் பொருள் மேலும் தேயும். இரண்டு, வாகனத்துறையில் பழக்கமுண்டா? ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் 5 படிகளில் உயர்ந்த என்1 சித்தியும் வாகன அறிவுக்குச் சான்றல்ல. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் அப்படித்தான். மூன்று, பரிசோதகர் கையால் கிறுக்கிய குறிப்புகளை வாசிப்பாரா? உண்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜப்பானிய மொழி கற்பிக்கும் களனிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும், ஜப்பானில் உழைத்துத் திரும்பியோரிடமும் விசாரிக்கலாம். முதலில் ஐந்து வரி கொடுத்துப் பாருங்கள். அந்தத் தமிழைக் கராஜ்காரரிடம் காட்டுங்கள். அவர் வாகனத்தில் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினால் மொழிபெயர்ப்பு தேறியது.

தம்பி விலையைக் குறைத்துப் பேசித்தான் வேனை எடுத்தான். அந்தத் தமிழ் வரியில் 'சட்டகத்தில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால், எங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திராது.