மைதானத்துக்கு மட்டும் வரும் மாணவர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (‘அமெரிக்கன் ஃபுட்பால்’) தனி ஒரு வீரருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பெருமை ஹைஸ்மன் கோப்பை. 2019இல் அதை வென்றவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் ஜோ பர்ரோ. அந்த ஆண்டு லூசியானாவில் அவர் பெயரை அறியாதவர்கள் குறைவு. ஆனால் அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டோம் என்று சொல்லக்கூடிய மாணவர்கள் அங்கே கிடைப்பது கடினம். முதுகலை மாணவரான அவர் பாடங்களை ஆன்லைனிலேயே படித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இளங்கலைப் பட்டத்தை முடித்துவிட்டு வந்தவர் அவர். வகுப்பறையில் பெற வேண்டியதைப் பெற்ற பிறகு, தன் வசதிக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஆனால் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் அதே ஏற்பாடு பழக்கமாகிவிடும்போது, அது யாருடைய வசதிக்காக என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரில் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் சேரும் மாணவர்களை மனதில் வைத்துப் பார்த்தால் இதன் அளவு பிடிபடாது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்க 1906இல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின்கீழ் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விளையாடுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ‘பிக் டென்’ என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2022இல் ஏழு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: உங்களுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் இலவசமாகக் கல்வி தருகிறோம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்றானது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கைக்குப் பின் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்கே போகிறது. நீச்சல் வீராங்கனைக்கும் ஈட்டி எறிபவருக்கும் இன்றைக்கும் மிஞ்சுவது அந்தக் கல்வி வாக்குறுதிதான். அந்தக் கால்பந்து வீரர்களிலும் தொழில்முறை அணிகளுக்குப் போய்ச் சேர்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

நேரடி வகுப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகம் என்றால் பத்து மணிக்குத்தான். அதே நேரத்தில் பயிற்சியாளர் மைதானத்துக்குக் கூப்பிட்டால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். இந்த மோதல் எல்லோருக்கும் தொல்லைதான். ஆனால் மாணவரின் நாளில் விளையாட்டு எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு உண்மையில் வேலியாக நின்றது இந்த மோதல்தான். ஆன்லைன் வகுப்பு எதனோடும் மோதுவதில்லை. பதிவுசெய்த விரிவுரையை விமான நிலையத்தில் பார்க்கலாம், ஐஸ் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு பார்க்கலாம், இரவு பதினொன்றரைக்கு ஓட்டல் அறையில் பார்க்கலாம். நேரடி வகுப்பு இருந்தவரை வீரர் வந்தாரா என்று கதவோரம் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளப் பல விளையாட்டுத் துறைகள் ஆள் வைத்திருந்தன. ஆன்லைனில் அந்த ஆளுக்கு வேலையில்லை. வகுப்பு எதற்கும் குறுக்கே நிற்காதபோது பயிற்சியாளர் எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. மாணவர்தான் தூக்கத்தையும் கவனத்தையும் விட்டுக்கொடுக்கிறார்.

வேலி எதற்கு, விதிதான் இருக்கிறதே என்று கேட்கலாம். சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 1991 முதல் என்.சி.ஏ.ஏ. விதி இருக்கிறது. அதில் நேரம் கணக்கிடும் முறையைத்தான் பார்க்க வேண்டும். போட்டி நாள் காலையில் தொடங்கி இரவில் முடிந்தாலும் கணக்கில் மூன்று மணி நேரம். பயண நேரத்துக்குக் கணக்கே இல்லை. காயத்துக்கான சிகிச்சையும், ‘விருப்பப்பட்டால் வரலாம்’ என்று சொல்லப்படும் உடற்பயிற்சியும் அப்படித்தான். வராத வீரர் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார நேரலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்கக் கேட்டபோது, அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ மண்டல இயக்குநர் 2014இல் விசாரணை நடத்தினார். சீசனில் அவர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் கால்பந்துக்குச் செலவிட்டதை அவர் பதிவுசெய்தார். மறு ஆண்டு வாரியம் இந்த வழக்கில் தலையிட மறுத்து ஒதுங்கிக்கொண்டது. ஆனால் அந்த மணிக்கணக்கு தவறு என்று அது சொல்லவில்லை.

அந்த விசாரணையில் சாட்சி சொன்ன கெயின் கோல்ட்டர், அணியின் தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வேண்டும் என்ற ஆசையோடு கல்லூரிக்கு வந்தவர். மருத்துவப் படிப்புக்குத் தேவையான வேதியியல் பாடம் பயிற்சி நேரத்தோடு மோதியதால் அதைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. பின்தங்கிப்போய்க் கடைசியில் உளவியலுக்கு மாறினார். அந்தப் பாடம் ஆன்லைனில் இருந்திருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காதே என்று சிலர் இன்று சொல்லக்கூடும். ஆனால் ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் குழாயை மூடும் கைப்பழக்கத்தைத் திரை சொல்லித் தராது. நர்சிங் மாணவி நோயாளியின் படுக்கை அருகில் நின்றாக வேண்டும். பொறியியல் மாணவர் பட்டறையில் இயந்திரத்தைத் தொட்டாக வேண்டும். ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும் பாடங்கள் வேறு. ஆகவே ஆன்லைன் வழக்கமாகும்போது, வீரர்கள் எந்தப் பட்டத்தை எடுக்கலாம் என்ற பட்டியலே சுருங்குகிறது. கோல்ட்டருக்கு நேர்ந்த மோதல் வெளியே தெரிந்தது. அந்தப் பாடத்தை எடுக்க நினைக்கவே வழியில்லாமல் போகும் மாணவரின் இழப்பு எந்த விசாரணையிலும் பதிவாகாது.

ஆன்லைன் படிப்பு யாருக்கு ஒத்துவருகிறது என்பதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பாடப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. நேரடி வகுப்போடு ஒப்பிட்டால் எல்லாப் பிரிவு மாணவர்களும் ஆன்லைனில் பின்தங்கினார்கள். ஆண்கள், இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், ஏற்கனவே குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஆகியோரிடம் அந்தச் சரிவு கூடுதலாக இருந்தது. இந்த நான்கு அடையாளங்களையும் சேர்த்து வைத்தால், பெரிய பல்கலைக்கழகங்களின் கால்பந்து, கூடைப்பந்து அணிகளில் இருக்கும் பலரின் முகம் தெரிகிறது. ஆன்லைனில் அதிகம் இழக்கக்கூடியவர்களைத்தான் அவர்களின் கால அட்டவணை ஆன்லைனை நோக்கித் தள்ளுகிறது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாணவரின் முகத்தை ஆசிரியர் பார்க்காத வகுப்பில், அவருக்குப் பதிலாக வேறொருவர் படிப்பது எளிது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆன்லைன் இசைப் பாடத்தின் தேர்வை மையமாக வைத்து நடந்த முறைகேட்டில் 61 வீரர்கள் சிக்கினார்கள். விடைகள் வெளியிலிருந்து கிடைத்தன. 2009இல் என்.சி.ஏ.ஏ. தண்டனை விதித்தது, அணிகளின் வெற்றிகள் ரத்தாயின. ஏமாற்று வேலைக்கு ஆன்லைன்தான் வேண்டும் என்பதில்லை என்று மறுப்பவர்கள் வட கரோலினாவைக் காட்டலாம். சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. ஒரே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். பேராசிரியருக்குப் பதில் அலுவலக நிர்வாகி தாராளமாக மதிப்பெண் போட்டார். 3,100 பேர் பயன்பெற்றார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014 அறிக்கை சொன்னது. 2017இல் என்.சி.ஏ.ஏ. தண்டிக்க வழியில்லை என்று கைவிரித்தது, ஏனென்றால் அந்த வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தைக் குலைக்கவில்லை. விளையாட்டின் நேரப்பசி, முகம் பார்க்காத வகுப்பு எங்கே கிடைத்தாலும் அங்கே போய்ச் சேரும் என்பதற்கு அது சாட்சி. அன்று அதை ரகசியமாக உருவாக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முகம் பார்க்காத வகுப்புகளை முறைப்படி நடத்துகின்றன.

கொரோனா காலம் இதைப் பட்டவர்த்தனமாக்கியது. மாணவர்கள் வளாகத்தில் இல்லாவிட்டால் கல்லூரி விளையாட்டும் இருக்காது என்று 2020 மே மாதத்தில் என்.சி.ஏ.ஏ. தலைவர் உறுதியாகச் சொன்னார். ஆகஸ்டில் அதே சேப்பல் ஹில் நேரடி வகுப்புகளைத் தொடங்கி, தொற்று பரவியதால் ஒரே வாரத்தில் அவற்றை ஆன்லைனுக்கு மாற்றியது. மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கால்பந்து அணி அங்கேயே தங்கிப் பயிற்சி செய்து அந்த சீசனை ஆடியது. வகுப்பு நடக்காத வளாகத்திலும் அணியை நடத்த முடியும் என்று நிர்வாகங்கள் கண்டுகொண்டன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பயணம். 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. ஆகிய இரண்டும், ஆரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களும் பிக் டென்னில் சேர்ந்தன. அதே கூட்டமைப்பில்தான் கிழக்குக் கரையில் நியூஜெர்சியின் ரட்கர்ஸும் இருக்கிறது. நடுவே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். கால்பந்து பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம். வாலிபால், சாஃப்ட்பால் வீராங்கனைகளுக்கு அப்படியில்லை. நேரடி வகுப்பைத் தொடர்ந்து தவறவிடுவதைவிட ஆன்லைன் மேல்தானே என்கிறார்கள். ஒரு மாணவியின் நிலையிலிருந்து பார்த்தால் அது சரி, அந்த உதவியை அவரிடமிருந்து பிடுங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 4,000 கிலோமீட்டர் வானத்திலிருந்து விழவில்லை. தொலைக்காட்சிப் பணத்துக்காக நிர்வாகங்கள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட தூரம் அது. ஆன்லைன் வகுப்பு கைவசம் இருந்ததால், இந்த முடிவுக்குக் கல்வித் தரப்பிலிருந்து வந்திருக்க வேண்டிய எதிர்ப்பு பலமிழந்தது.

இதற்கு மாற்று வழியே இல்லை என்பவர்கள் தங்கள் அணியிலேயே இருக்கும் வெளிநாட்டு வீரர்களைப் பார்க்கலாம். மாணவர் விசாவில் அமெரிக்கா போகும் ஒருவர், முழுநேரப் படிப்புக்கான கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடத்தை மட்டுமே காட்டலாம். மிஞ்சினால் மூன்று கிரெடிட். மீதியை வகுப்பறைக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். டில்லித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 ஆண்டுகளில் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்ற தேஜஸ்வின் சங்கரைப் போல இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இந்த விதியின்கீழ் வருகிறவர்கள்தான். என்.சி.ஏ.ஏ.வின் முதல்நிலைக் (‘டிவிஷன் 1’) கல்லூரி டென்னிஸ் அணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர். சட்டம் கட்டாயப்படுத்தும்போது அட்டவணை வளைந்துகொடுக்கிறது. அமெரிக்க மாணவருக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் விதி இல்லாததால் அவர் வளைகிறார்.

மற்ற மாணவர்களும் ஆன்லைனில் படிக்கிறார்களே என்பது இன்னொரு வாதம். உண்மை, அமெரிக்க இளங்கலை மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு பாடத்தையாவது அப்படிப் படிக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கும் ஊர்ப்புற மாணவருக்கும் அது வரப்பிரசாதம். அவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி பல்கலைக்கழகத்தை வளைக்கிறார்கள். வீரரின் விஷயத்தில் பல்கலைக்கழகமே நேரத்தை எடுத்துக்கொள்கிறது, பிறகு மிச்சத்தில் படித்துக்கொள் என்கிறது. பட்டம் பெறும் விகிதம் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்றும் என்.சி.ஏ.ஏ. காட்டுகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால்தான் ஆட முடியும் என்ற விதி இருக்கும்போது, எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். எந்தப் பாடங்களால் அது ஏறியது என்பதை அந்த விகிதம் சொல்லாது.

வீரர்களுக்கு ஆன்லைன் வகுப்பையே தடை செய்வது முரட்டு வழி. அதற்குப் பதிலாக, வெளிநாட்டு மாணவருக்கு உள்ள வரம்பையே முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லா வீரர்களுக்கும் வைக்கலாம். முதுகலை மாணவர்களுக்கும் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் விலக்கு தரலாம். ஆன்லைன் தேர்வுகளைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வைக்கலாம். பயண நேரத்தையும் போட்டி நாளின் முழு நேரத்தையும் 20 மணி நேரக் கணக்கில் சேர்த்தாலே பல அட்டவணைகள் சாத்தியமற்றதாகிவிடும். முழு உதவித்தொகை பெற்ற வீரர்கள் ஆட்டத்தை விட்ட பத்து ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து பட்டத்தை முடிக்க நிதி தர வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் முதல்நிலைக் கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்தது. அது நல்ல விதி. விட்டுப்போன ஆய்வகப் பாடத்துக்கும், மாற்றிக்கொண்ட பட்டத்தைத் திரும்ப எடுப்பதற்கும் அது பொருந்துமாறு விரித்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் நடக்கக் காலமாகும். ஆனால் ஒவ்வோர் அணியின் வீரர்களும் எடுத்த கிரெடிட்டுகளில் எத்தனை ஆன்லைனில் எடுத்தவை, எந்தெந்தத் துறைகளில் எடுத்தவை என்று ஆண்டுதோறும் வெளியிட வைக்க ஒரே ஓர் உத்தரவு போதும். உதவித்தொகைக் கடிதத்தோடு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து உட்காரும்போது, பெற்றோர் அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.